ஸ்பெயின் இளவரசியும் பியர்பொன்ட்ஸ் வீடும்

கல்லூரியில் எனக்குக் கிடைத்த தலைப்பு, லண்டனில் ஆண்ட டியூடர் வம்சத்தின் முதல் அரசன் அயல்நாடுகளோடு எப்படி உறவு வைத்திருந்தான் என்பது. நானாகக் கேட்டு வாங்கியதில்லை. அன்று பஸ் பிந்தியதால் வகுப்புக்குக் கடைசியாகப் போனேன். கொலையும் காதலும் உள்ள நல்ல தலைப்புகளை மற்றவர்கள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சிக் கிடந்தவன் இவன்தான், ஒப்பந்தத்துக்கு மேல் ஒப்பந்தமாகப் போட்டவன். வீடு இருக்கும் பியர்பொன்ட்ஸிலிருந்து கல்லூரி இருக்கும் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்கு பஸ்ஸில் போய்வரும் நேரத்துக்குள் ஒரு சின்ன நாட்டோடு சமாதானமே பேசி முடித்துவிடலாம். அந்த நேரத்தை அவனுக்குக் கொடுத்தேன்.

நேரத்துக்கு எனக்குக் குறைவில்லை. மன்னாரிலிருந்து கலியாணம் முடித்து வந்தவள் நான். வந்த முதல் குளிர்காலம் முடிவதற்குள் கணவர் இறந்துபோனார். வேலைக்குப் புறப்பட்டு, கதவடியில் குனிந்து சப்பாத்துக் கட்டியவர் நிமிரவேயில்லை. மூளைக்குள் இரத்தம் கசிந்ததாம். எங்களுக்குள் ஒழுங்கான ஒரு சண்டைகூட அதுவரை வந்திருக்கவில்லை. ஒருவரை ஒருவர் மரியாதையாக நடத்திக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான். அதை நினைத்துத்தான் கனகாலம் அழுதேன்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்தது, வந்தவர்கள் சாப்பிட்டுப் போனார்கள். மாமா மாமி மேலே, நான் கீழே பேஸ்மென்டில். சமைத்ததை மாமி படிக்கட்டில் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பார். இரண்டு பேரும் நல்லவர்கள். கெட்டவர்களாக இருந்திருந்தால் கதை எப்போதோ முடிந்திருக்கும். நான் இனி எங்கே இருப்பது, யாரோடு இருப்பது என்பதை மட்டும் யாரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்பது என் வேலை இல்லை என்றுதான் வளர்க்கப்பட்டிருந்தேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சம்மந்திமார் ஒருவரையொருவர் எதையும் நேரே கேட்டுவிடுவதில்லை. முதலில் வாய் திறந்தவர் ஒரு படி இறங்கியவர் ஆகிவிடுவார். மாமா என்னை ஊருக்கு அனுப்பினால், மகன் போனதும் மருமகளைத் துரத்திவிட்டார் என்று கோயிலடியில் கதைப்பார்கள். அப்பா என்னைக் கூப்பிட்டாலோ, பிள்ளையை அங்கே சரியாகப் பார்க்கவில்லை என்று குற்றம் சொன்னதாகிவிடும். ஆகவே இரண்டு பக்கமும் மரியாதையாக வாயை மூடிக்கொண்டு இருந்தன. அந்த மரியாதைக்கு நடுவில் நான் இன்னும் இரண்டு குளிர்காலங்களைக் கழித்தேன்.

எங்களுக்கும் ஒரு தூதுவர் இருந்தார். இரண்டு குடும்பத்துக்கும் சொந்தக்காரரான அவர்தான் எனக்குக் கலியாணம் பேசியவர். துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுகிறார். நான் அண்ணை என்று கூப்பிடுவேன். கிழமை நாட்களில் லொறியில் இருந்தபடியே அப்பாவுக்குப் போன் எடுப்பார். ஞாயிறு பூசை முடிந்ததும் தேத்தண்ணீரோடு கடிக்க ரோல்ஸ் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, மாமாவோடு தேத்தண்ணீர் குடிப்பார். அவர் வந்தால் நான் கோப்பைகளை வைத்துவிட்டுக் கீழே இறங்கிவிட வேண்டும். அப்படி யாரும் சொன்னதில்லை, ஆனால் நான் இறங்கும் வரை பேச்சுத் தொடங்காது.

இந்த நிலையில்தான் அந்த அரசனைப் படித்தேன். முதலில் பிடிக்கவில்லை, பிறகு கொஞ்சம் இரங்கினேன். ஆள் ஒரு காலத்து அகதி. இளமை முழுவதும் கடலுக்கு அப்பால் அடுத்தவன் கோட்டையில் ஒதுங்கிக் கிடந்தவன். அடைக்கலம் கொடுத்தவர்களே இவனைப் பிடித்துக் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்று இடைக்கிடை யோசித்திருக்கிறார்கள். போரில் வென்று முடி சூடிய பிறகும் அந்தப் பயம் போகவில்லை. பக்கத்து நாடுகள் தன்னை உண்மையான அரசனாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அவனுடைய ஒரே கவலை. அதற்காகச் சண்டையைத் தவிர்த்துச் சம்மந்தம் தேடினான். மகளை ஸ்கொட்லாந்துக்குப் பேசினான். மூத்த மகனுக்கு ஸ்பெயின் இளவரசியைப் பேசினான், அதுவும் பிள்ளைகள் இருவரும் நடை பழகும் வயதில். எங்கள் கோயிலடியில் இப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர், கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

இளவரசி புறப்படும் முன்னரே, பிரெஞ்சு படித்துக்கொண்டு வரட்டும் என்று லண்டனிலிருந்து சொல்லி அனுப்பினார்களாம். அங்கேயுள்ள அரண்மனைப் பெண்களுக்குப் பிரெஞ்சு வரும், அவளுடைய மொழி தெரியாது. நான் பஸ்ஸிலேயே சிரித்துவிட்டேன். இது பிரெஞ்சு பேசும் ஊர், என்னையும் அப்படித்தான் படிக்கச் சொன்னார்கள். நானும் மன்னாரில் இருந்துகொண்டு நன்றி சொல்லும் ‘மெர்சி’ வரைக்கும் படித்தேன்.

பிறகு சிரிப்பு வரவில்லை. கலியாணம் முடிந்து சில மாதத்தில் இளவரசன் இறந்துபோனான். பெண்ணுக்குப் பதினாறு வயது. அவளைத் திருப்பி அனுப்பு என்று ஸ்பெயின் கேட்டது. அரசன் விடவில்லை. இளைய மகனுக்குக் கட்டி வைக்கலாம் என்று ஒரு பேச்சு, வேண்டாம் என்று ஒரு பேச்சு. நடுவில் ஸ்பெயினின் தூதுவர் ஒருவர். அவர் லண்டனில் இருந்து இருந்தே பழசாகிப்போனவர். அவர் யாருடைய ஆள் என்று அவரை அனுப்பியவர்களுக்கே சந்தேகம். இளவரசி வருடக்கணக்காக ஒரு பெரிய வீட்டில், கிழிந்துகொண்டுவரும் உடுப்போடு காத்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அவளில் பொறாமைதான் வந்தது. உள்ளதைச் சொன்னால் என்ன. இரண்டு நாடுகள் அவளை நடுவில் வைத்து இழுபறிப்பட்டன. என் விஷயமும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவுக்கு நான் வேண்டும், மாமாவுக்கும் நான் வேண்டும், வாய்விட்டுக் கேட்கத்தான் கௌரவம் தடுக்கிறது. பேஸ்மென்டில் தனியே இருப்பவளுக்கு அந்த நினைப்பு ஒரு போர்வை. ஆறு மணிக்கு முன்னரே இருட்டிவிடும் மாதங்களில் அதைப் போர்த்திக்கொண்டுதான் படுத்தேன்.

அவள் கதை கடைசியில் ஒரு திருப்பம் எடுக்கிறது. தூதுவர்களை நம்பிப் பயனில்லை என்று கண்ட தகப்பன், மகளையே தன் தூதுவராக நியமித்தான். அதுவரை அடுத்த அறையில் பேசப்பட்டுக்கொண்டிருந்த பெண், அரசனுக்கு முன்னால் போய் நின்று தன் வாயால் பேசினாள். அதைப் படித்த அன்று நான் இறங்க வேண்டிய தரிப்பிடத்தைத் தாண்டிவிட்டேன். பனியில் திரும்பி நடந்து வந்தேன். எனக்குக் கோபம் வந்திருந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு காலை அப்பாவோடு கதைத்தபோது, என்னை ஏன் கூப்பிடவில்லை என்று முதல் தடவையாகக் கேட்டேன். அப்பா கொஞ்சம் தடுமாறினார். “அவையள் உன்னை விட மனமில்லாமல் இருக்கினமாம், மகள். கலியாணம் பேசினவர் சொன்னவர். நாங்கள் என்னெண்டு கேக்கிறது?”

பூசை முடிந்து அண்ணை வந்தார். நான் கோப்பைகளை வைத்தேன், கீழே இறங்கவில்லை. சமையலறை வாசலிலேயே நின்றேன். கொஞ்ச நேரம் பனியைப் பற்றியும் பாதைகளைப் பற்றியும் பேசிவிட்டு, நான் போகமாட்டேன் என்று கண்டதும் அவர் குரலைத் தாழ்த்தி மாமாவிடம் சொன்னார். “அவையள் உங்களை நம்பித்தான் பிள்ளையை விட்டிருக்கினம். கூப்பிடுற யோசினை இல்லை.”

அப்பாவுக்கு ஒரு கதை, மாமாவுக்கு ஒரு கதை. நான் மேசையடிக்குப் போய், “அண்ணை, இதை அப்பா உங்களுக்குச் சொன்னவரோ?” என்று கேட்டேன்.

அவர் ரோல்ஸைத் தட்டில் வைத்துவிட்டார். “நான் பொய் சொல்லேல்லை, தங்கச்சி. ஒருத்தருக்கும் மனம் நோகக்கூடாது எண்டு கொஞ்சம் பதமாச் சொன்னனான்.”

அவரில் கோபிக்க முடியவில்லை. போனை எடுத்து அப்பாவுக்கு வீடியோவில் அழைத்தேன். மேசையிலிருந்த சுடுதண்ணீர்ப் போத்தலில் சாய்த்து, மாமாவின் முகம் தெரிகிற மாதிரி வைத்தேன்.

“அப்பா, மாமாவும் பக்கத்தில இருக்கிறார். நான் இஞ்ச இருக்கிறதோ, அங்க வாறதோ? ரெண்டு பேரும் எனக்கு நேர சொல்லுங்கோ.”

மாமா போனைப் பார்த்து, “அங்க மழையோ?” என்றார். “ஓம், நேற்றுப் பெய்தது. அங்க சினோ கொட்டுதோ?” என்றார் அப்பா.

“மழையைப் பேந்து கதைப்பம், முதல் இதைச் சொல்லுங்கோ,” என்றேன்.

அப்பாதான் முதலில் சொன்னார். “நீ வந்தால் எங்களுக்குச் சந்தோசம்தானே, மகள். இப்ப உன்ர அறையில தங்கச்சியும் மருமகனும் பிள்ளையும் இருக்கினம். அதுக்கு என்னவும் செய்வம்.”

மாமா கோப்பையைப் பார்த்துக்கொண்டு பேசினார். “எங்களுக்கும் நீர் இருந்தால் ஒரு துணைதான், பிள்ளை. கீழ் வீட்டை ஒரு இந்தியாப் பொடியன் வாடகைக்குக் கேட்டவன், கொம்பியூட்டர் வேலை செய்யிறவன். நீர் இருக்கேக்க எப்பிடிக் குடுக்கிறது எண்டு நாங்கள் ஒண்டும் சொல்லேல்லை.”

இரண்டு பேரும் அன்பாகத்தான் சொன்னார்கள். மாமியின் கண் கலங்கியிருந்தது. என்னை யாரும் இழுக்கவில்லை, யாரும் பிடித்து வைத்திருக்கவும் இல்லை. இத்தனை நாளும் ஒவ்வொருவரும், மற்றவர் என்னைக் கேட்டு வாங்கிக்கொள்வார் என்று பண்போடு பொறுத்திருந்திருக்கிறார்கள்.

“அப்ப நான் தனியா ஒரு இடம் பாக்கிறன்,” என்றேன்.

“ஓம்,” என்றார் மாமா. “ஓம்,” என்றார் அப்பா. போனில் எப்போதும் கொஞ்சம் பிந்தி வரும் அப்பாவின் குரல் அன்று பிந்தவில்லை. மாமி சோறு போட எழுந்தார், அண்ணை அப்பாவிடம் ஊர்ப் புதினம் கேட்கத் தொடங்கினார். யாராவது ஒருவர், ஒரு தடவையாவது, வேண்டாம் பிள்ளை என்று சொல்வார் என்று நான் அந்த மேசையடியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.