இடப்பக்கம் திரும்பாத கால்

எனக்கு மறதி வந்துவிட்டது என்று முதலில் முடிவு கட்டியது நானில்லை, என் மகள். அடுப்பில் வைத்த தண்ணீர் சுத்தமாக வற்றிக் கெட்டிலின் அடி கருகிப்போன ஞாயிற்றுக்கிழமை, அவள் சிங்கப்பூரிலிருந்து என்னைப் பார்க்க வந்திருந்தாள். அதே வாரம் எங்கள் ஊர் மாசாய் சந்தையில் மோட்டார் சைக்கிளை எங்கே நிறுத்தினேன் என்று தெரியாமல் வெயிலில் அலைந்த கதையையும் நானே வாய் தவறி உளறிவிட்டேன். அப்புறம் கேட்க வேண்டுமா?

"ம்மா, தனியா இருந்தது போதும். வீட்ட பூட்டிட்டு எங்ககூட வந்துருங்க. அங்க நான் பாத்துக்கிறேன் லா."

பாசமான பிள்ளைதான். அதற்காக அவள் வீட்டு ஹாலில் நாள் முழுக்க டிவி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது. இந்த வீடு, நானும் என் வீட்டுக்காரரும் தொழிற்சாலையில் ஷிப்ட் மாற்றி ஷிப்ட் நின்று வாங்கிய வீடு. அவர் போன பிறகும் நான் இங்கே நிம்மதியாகத்தான் இருந்தேன். எதற்கு வர வேண்டும் என்று மகளிடம் எகிறினேன்.

எகிறினேனே தவிர உள்ளுக்குள் ஒரே உதறல். காரணம், காஹாங் ஊரில் இருந்த என் அக்கா. கடைசி வருடங்களில் நான் போனால், "வாங்க, உக்காருங்க, டீ குடிக்கிறீங்களா?" என்று சிரித்த முகத்தோடு உபசரிப்பாள். என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், யாரோ விருந்தாளியிடம் பேசுவதுபோல் பேசுவாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அந்த மரியாதையைத் தாங்க முடியவில்லை. அது எனக்கும் வருமோ என்ற பயம் அப்போதே வந்துவிட்டது.

மகள் லீவு போட்டு கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். டாக்டர் நம்ம தமிழ்ப் பிள்ளைதான், சின்ன வயது. சில சொற்களைச் சொல்லி, ஏதேதோ பேசிவிட்டுத் திடீரென்று அவற்றைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். சிலது வந்தது, சிலது வரவில்லை. என் முகம் போன போக்கைப் பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆண்ட்டி, இப்பவே ஒன்னும் முடிவா சொல்ல முடியாது. வயசானா வர்ற சாதாரண மறதியாகூட இருக்கலாம். ஆறு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்போம். அதுவரைக்கும் நல்லா நடங்க. புதுசா ஏதாவது கத்துக்குங்க. டான்ஸ் ரொம்ப நல்லது, காலும் வேலை செய்யும், மூளையும் வேலை செய்யும்."

டான்ஸா? என் கல்யாணத்திலேயே ஆடாதவள் நான். ஆனாலும் மகளிடம் அந்த ஆறு மாதத்தைத் தவணையாக வாங்கினேன். தேறினால் என் வீட்டிலேயே இருப்பேன், தேறாவிட்டால் வாயை மூடிக்கொண்டு அவளோடு போய்விடுவேன் என்று ஒப்பந்தம்.

எங்கள் தாமான் குடியிருப்பின் மண்டபத்தில் சனிக்கிழமை காலையில் வயதான பெண்களுக்கு வரிசை நடனம் சொல்லித் தருகிறார்கள். சொல்லித் தருபவர் ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியை. எல்லோரும் அவரைச் சிக்கு, அதாவது டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். வருகிறவர்கள் மலாய்க்காரப் பெண்களும் சீனப் பெண்களும். தமிழ் முகம் என்று பார்த்தால் நான் ஒருத்திதான்.

வலப்பக்கம் நகர்வது, இடப்பக்கம் நகர்வது, பின்னால் போவது எல்லாம் சில வாரங்களில் பிடிபட்டுவிட்டது. திரும்புவதில்தான் வந்தது வினை. இரண்டு கையையும் சேர்த்துத் தட்டிவிட்டு இடப்பக்கமாகத் திரும்ப வேண்டும். எல்லோரும் இடப்பக்கம் திரும்புவார்கள், நான் மட்டும் டக்கென்று வலப்பக்கம் திரும்பி, பக்கத்தில் நிற்கும் சீனத்து அம்மாவின் மூக்குக்கு நேராக நிற்பேன்.

"கிரி, காக், கிரி!" இடது பக்கம், அக்கா, இடது பக்கம் என்று சிக்கு முன்னாலிருந்து குரல் கொடுப்பார். மெதுவாக யோசித்துத் திரும்பினால் சரியாக வரும். பாட்டு ஓடும்போது யோசிக்க எங்கே நேரம்? வீட்டில் சமையலறையில் ஃபிரிட்ஜைப் பார்த்து, சிங்க்கைப் பார்த்து என்று தனியாகச் சுற்றிப் பழகினேன். சனிக்கிழமை போனால் மறுபடியும் அதே மூக்கு. ஒரு நாள் பாட்டுக்கு நடுவிலேயே வெளியே வந்து, செருப்புகள் கிடந்த படியில் உட்கார்ந்து அழுதேன். அவ்வளவுதான், அக்காவின் வழியில் கிளம்பிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். மகளுக்கு இதைச் சொல்லவில்லை.

என் பக்கத்து வீட்டுக்காரி தொழிற்சாலை வாசலில் நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோறு, விற்கிறாள். யாருக்குச் சம்பல் அதிகம், யாருக்கு முட்டை வேண்டாம் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி, அப்படி ஒரு ஞாபகசக்தி. சர்க்கரை கூடிப்போய் உடற்பயிற்சி செய்தே ஆக வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டதால், ஒரு சனிக்கிழமை அவளும் என்னோடு வந்தாள். எனக்கு வலப்பக்கம் நின்றாள். பாட்டு தொடங்கியது. கை தட்டினோம், திரும்பினோம்.

என் எதிரில் அன்று மூக்கு இல்லை. பக்கத்து வீட்டுக்காரியின் கொண்டை இருந்தது. அப்பாடா, ஒருவழியாகச் சரியாகத் திரும்பிவிட்டேன் என்று சந்தோஷப்பட்டு நிமிர்ந்தால், அவளுக்கு அந்தப் பக்கம் நின்ற அத்தனை பேரும் எங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மண்டபமே கேட்கும்படி என்னிடம் கேட்டாள். "என்னக்கா இது, எல்லாரும் எடப்பக்கமா திரும்புறாங்க? சாமி முன்னாடி கைய கூப்பி வலப்பக்கமாத்தானே சுத்துவோம்?"

எனக்குச் சுரீரென்று உறைத்தது. விளக்கேற்றி, கும்பிட்டு, நின்ற இடத்திலேயே வலப்பக்கமாகச் சுற்றுவது பாவாடை கட்டிய வயதிலிருந்து தினமும் நடப்பது. இரண்டு உள்ளங்கையும் சேர்ந்துவிட்டால் போதும், கால் யாரையும் கேட்காமல் அந்தப் பக்கம் போய்விடும். நான் எதையும் மறந்திருக்கவில்லை. பழகியதை மறக்க மாட்டேன் என்று உடம்புதான் அடம்பிடித்திருக்கிறது. அதைக் கொண்டுபோய் வியாதிக் கணக்கில் சேர்த்து, படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன்!

வயிறு வலிக்கச் சிரித்தேன். அலமாக், ஐயையோ, காக்குக்கு என்ன ஆச்சு என்று ஓடிவந்த சிக்குவிடம் எனக்குத் தெரிந்த மலாயில் விஷயத்தைச் சொன்னேன். அவரும் சிரித்தார். ஆனால் பழைய வாத்தியார் இல்லையா, உடனே வழியும் கண்டுபிடித்தார். "நீங்க ரெண்டு பேரும் கை தட்டாதீங்க. இடுப்புல கைய வச்சுக்குங்க" என்று மலாயில் சொன்னார். கை சேரவில்லை, கால் குழம்பவில்லை. அப்படியே பழகிப் பழகி, பிறகு கைதட்டியும் இடப்பக்கம் திரும்ப வந்துவிட்டது.

ஆறு மாதம் கழித்து டாக்டர் மறுபடி சோதித்தார். போன தடவையைவிட மோசமாகவில்லை, பயப்படும்படி ஒன்றும் தெரியவில்லை, நடனத்தை விட்டுவிடாதீர்கள் என்றார். "சரிம்மா, உங்க இஷ்டம்போல இருங்க" என்றாள் மகள். அவள் டாக்டரை நம்பினாள். எனக்கு மட்டும் அடிமனதில் கொஞ்சம் சந்தேகம் ஒட்டிக்கொண்டே இருந்தது. அக்காவும் ஆரம்பத்தில் நன்றாகத்தானே இருந்தாள்?

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். பிள்ளையார் சன்னதியில் நல்ல கூட்டம். கண்ணை மூடிக் கும்பிட்டு, நின்ற இடத்திலேயே சுற்றினேன். பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்த பெண் மேல் நங்கென்று இடித்தேன்.

"அம்மா, அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்" என்றாள் அவள் மெதுவாக.

வாழ்நாள் முழுக்கச் சுற்றிய பக்கம் தவறிவிட்டது. அக்காவின் சிரித்த முகம் கண் முன்னால் வந்தது. என் காலைக் குனிந்து பார்த்தேன். இடது பாதம் முன்னால், வலது குதிகால் தூக்கியபடி. சிக்கு சொல்லித் தந்த அதே இடப்பக்கத் திருப்பம்!

எழுபதை நெருங்கும் இந்த மண்டை புதிதாக ஒன்றை வாங்கிக்கொண்டிருக்கிறது. அதுவும் சாமி முன்னாலேயே ஆட்டம் போடும் அளவுக்கு ஆழமாக வாங்கிக்கொண்டிருக்கிறது. பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஒன்னும் இல்லம்மா, எனக்கு ஒன்னுமே இல்ல" என்று அழுதேன். அவள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவர ஓடினாள்.