முறைவைத்து வந்த தலைவலி

‘உங்கள் சொந்த விருப்பத்தின் பேரில்’ என்று ஒரு மேலதிகாரி குழைவாகச் சொன்னால் எனக்கு உடனே ரத்தம் கொதிக்கும். அறுபதுகளின் நடுவில் ஒரு காலைப்பொழுது, சாந்தாகுரூஸ் விமான நிலையத்தில் எங்கள் கம்பெனியின் தகரக் கொட்டகைக்குள் விமானிகளையெல்லாம் உட்கார வைத்து மேலாளர் அதைத்தான் சொன்னார்.

எங்களுடையது சரக்கு ஏற்றும் சின்னக் கம்பெனி. உலக யுத்தம் முடிந்து மலிவாகக் கிடைத்த பழைய டகோட்டா விமானங்கள்தான் அதன் சொத்து. பெரிய கம்பெனிகள் புதுப்புது விமானங்களை வாங்கி, பயணிகளின் காலுக்குக் கீழேயே சரக்கையும் அடைத்துக்கொண்டு போக ஆரம்பித்துவிட்டன. எங்களுக்கு வேலை குறைந்தது. அதனால் வயதானவர்கள் முன்கூட்டியே ஓய்வு பெறலாம், மற்றவர்கள் சம்பளமில்லாமல் ஒரு வருஷம் லீவில் போகலாம் என்றார் மேலாளர். நாற்பத்தாறு வயதான நான் இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமாம். பந்தியில் இரண்டு வகைப் பாயசம் வைத்திருப்பவர் மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னார்.

“லீவு முடிஞ்சு வரும்போது என் லைசென்ஸ் உயிரோட இருக்குமா?” என்று கேட்டேன்.

விமானி அடிக்கடி பறந்தாக வேண்டும். பறக்காமல் மாதக்கணக்கில் இருந்தால் லைசென்ஸ் காலாவதியாகிவிடும். அதை மீட்க விமானம் ஓட்டிக் காட்ட வேண்டும். அந்த விமானத்தை யார் கொடுப்பார்கள்? கம்பெனி கொடுத்தால்தான் உண்டு. “அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்” என்றார் மேலாளர். லீவு என்றாலும் ஓய்வு என்றாலும் ஒன்றுதான், லீவில் போனால் ஓய்வுக்குத் தரும் தொகைகூட வராது என்று எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது.

முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து, நாமெல்லாம் கண்ணியமாக நடந்துகொள்ள வேண்டும், கம்பெனியின் கஷ்டம் நம் கஷ்டம் என்று வழவழப்பான ஆங்கிலத்தில் பேசினார். பணிமூப்பில் எனக்கு அடுத்த இடத்தில் இருந்த காப்டன் அவர். நான் போனால் அவர் மேலே ஏறுவார். எனக்கு அந்த ஆளை முதலிலிருந்தே பிடிக்காது. மேலாளர் தும்மினால் இவர் கைக்குட்டை நீட்டுவார்.

அன்று சாயங்காலம் செம்பூரில் எங்கள் வீட்டுக்கு அண்ணன் வந்தார். தாராவியில் தோல் மண்டி வைத்திருந்தவர். நான் பறக்கப் படிக்கக் காசு கொடுத்தவரும் அவர்தான்.

“ஏல, இன்னும் எத்தன நாளைக்கு அந்தத் தகரத்த ஓட்டிக்கிட்டு அலைவ? குடுக்கத வாங்கிட்டு வந்து மண்டியில உக்காரு. ஒனக்கு என்ன கொறச்சல்?”

“மண்டியில உக்காரதுக்காண்ணே என்னைய பறக்கப் படிக்க வச்சீங்க?”

“வயித்துக்குத்தானல எல்லாம்.”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. மகள் அப்போதுதான் காலேஜில் சேர்ந்திருந்தாள். ஓய்வை எடுத்துக்கொண்டால் கையில் ஒரு தொகை வரும், மண்டியில் நாற்காலி இருக்கும், யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம். எடுக்காவிட்டால் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. நான் பயந்துதான் போனேன். ஆனால் கை இன்னும் நடுங்கவில்லை, கண் இன்னும் மங்கவில்லை. நல்லாப் பறக்கத் தெரிந்தவன், கம்பெனியின் கணக்கு சரிவரவில்லை என்பதற்காக எதற்கு இறங்க வேண்டும்? இரண்டுக்குமே கையெழுத்துப் போட மாட்டேன் என்று மறுநாளே சொல்லிவிட்டேன். என்னோடு இன்னும் சிலரும் மறுத்தார்கள்.

மேலாளர் சண்டை போடவில்லை. எந்த விமானத்தில் யார் போவது என்று எழுதும் பலகையில் எங்கள் பெயர்களை மட்டும் எழுதாமல் விட்டார். சம்பளம் வரும், பறக்க வழி கிடையாது. லைசென்ஸ் தானாகச் செத்துப்போகும், பிறகு நாங்களே ஒழிந்துபோவோம் என்பது அவர் திட்டம். அவருக்குப் பிடித்த நாலைந்து பேர் மட்டும் பறந்தார்கள்.

வீட்டில் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். மனைவி விடவில்லை.

“வேட்டியக் கெட்டிக்கிட்டு இங்க உக்காந்தீகன்னா, நாளைக்கே மாட்டுங்கா மார்க்கெட்ல ரிட்டயர் ஆயிட்டாராமேன்னு கேப்பாக. யூனிபாரத்த மாட்டுங்க. போயி அவன் கண்ணு முன்னால உக்காருங்க.”

“சும்மா உக்காரதுக்கா?”

“ஆமா. நீங்க சும்மா இருக்கதப் பாத்து அவனுக்கு எரியட்டும்.”

எனக்கு அது பிடித்துவிட்டது. தினமும் கஞ்சி போட்டு இஸ்திரி செய்த வெள்ளைச் சட்டையோடு போய், பலகைக்கு எதிரே காலை நீட்டி உட்கார்ந்தேன். மற்றவர்களையும் வரச் சொன்னேன். மேலாளர் போகும்போதெல்லாம் எழுந்து நின்று குட் மார்னிங் சொன்னோம். மத்தியானமானாலும் குட் மார்னிங்தான். வாரங்கள் போயின. என் லைசென்ஸுக்கு இருந்த காலம் கரைந்துகொண்டே வந்தது. வெளியே வீறாப்பாக இருந்தாலும் சோறு இறங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் முதல் தலைவலி வந்தது. வந்தது எனக்கல்ல, ஒரு பார்சி இளைஞருக்கு. முன்பு எனக்குப் பக்கத்து இருக்கையில் துணை விமானியாக இருந்து பழகியவர், இப்போது காப்டன். நாக்பூருக்குப் போக வேண்டிய விமானத்தில் பெட்டி பெட்டியாகக் கோழிக்குஞ்சுகளை ஏற்றியாயிற்று. இவர் ஏணிப்படியில் கால் வைத்தவர், நெற்றியைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். “சிர் மே தர்த் ஹை, சாப். நான் பறக்கும் நிலையில் இல்லை.”

எங்கள் தொழிலில் இந்த வாக்கியத்துக்கு மேல் அப்பீல் கிடையாது. உடம்பு சரியில்லை என்று ஒரு விமானி வாயால் சொன்ன பிறகு அவனை விமானத்தில் ஏற்ற எந்த முதலாளிக்கும் துணிச்சல் வராது. உள்ளே குஞ்சுகள் கத்துகின்றன. வெயில் ஏறினால் எல்லாம் செத்துவிடும். மேலாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். பலகையில் பெயர் உள்ளவர்கள் எல்லாரும் வெளியூரில். எதிரே யூனிபாரத்தோடு நான்.

“நீங்கள் தயாரா?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

“தெனமும் தயாராத்தான் சார் வந்து உக்காரேன்.”

சக்கரம் தரையை விட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. துணை விமானி பார்த்தார், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். மாஹிம் கழிமுகத்தின் மேல் திரும்பும்போது, தாராவியில் அண்ணன் மண்டி இருக்கும் பக்கம் இறக்கையைத் தேவைக்கு மேல் கொஞ்சம் சாய்த்தேன். அவர் பார்த்தாரோ இல்லையோ, எனக்குத் திருப்தியாக இருந்தது.

அதற்குப் பிறகு காப்டன்களுக்கு முறைவைத்துத் தலைவலி வந்தது. யாருடைய லைசென்ஸ் சாகக் கிடக்கிறதோ, அவருக்காக இன்னொருவருக்கு உடம்பு கெடும். ஒருவருக்குக் காது அடைத்தது, ஒருவருக்கு வயிறு. யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை. காண்டீனில் டீ குடிக்கும்போது ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். இது பொய்தானே என்று இன்றைக்கும் என்னிடம் கேட்பவர்கள் உண்டு. பொய்தான். இன்னொரு தடவை சொல்லவும் தயார். எங்களில் ஒருவர் லைசென்ஸும் போகவில்லை, நான் ஓய்வு பெற்றதும் அதற்குரிய வயதை எட்டிய பிறகுதான்.

ஆனால் நான் சொல்ல வந்தது மழைக்காலம் முடிந்து நடந்தது. அந்த வழவழப்பு ஆங்கிலக்காரரின் பெயர் ஒருநாள் பலகையில் இல்லை. எங்கள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கித் தருவதாக மேலாளரிடம் ரகசியமாக ஒத்துக்கொண்டிருந்தாராம்; அது நடக்கவில்லை என்று மேலாளர் அவரையும் கழற்றிவிட்டார். அவர் யூனிபாரத்தோடு வந்து, எங்களோடு சேரவும் முடியாமல் பெஞ்சின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருப்பார். அவருக்காகத் தலைவலி வர யாருக்கும் மனமில்லை. எனக்கும் இல்லை. பல நாள் பார்த்துக்கொண்டு சும்மாதான் இருந்தேன்.

தலைவலிகளுக்கு அலுத்துப்போய் மேலாளர் எங்கள் பெயர்களையும் எழுத ஆரம்பித்திருந்தார். ஒரு காலையில் பலகையில் என் பெயர் இருந்தது. வானம் துடைத்துவிட்டது போலிருந்தது. விமானம் வரை நடந்தேன், திரும்பி வந்து மேலாளரிடம் சொன்னேன்: “தலை வலிக்குது சார்.”

அவர் பெஞ்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இந்த ஆளுக்காகவா?” என்றார்.

நான் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். பெஞ்சின் ஓரத்தில் இருந்தவர் எழுந்து போய் விமானத்தை எடுத்தார். எனக்கு நன்றிகூடச் சொல்லவில்லை. இன்றுவரை எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காது. ஆனால் அவரைத் தரையில் இறக்க வேண்டுமென்றால், அதற்கும் அந்த மேலாளர் என்னைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.