பாஸுங்களா மேடம்

மனவளர்ச்சி குன்றியோருக்கான அரசு உதவித்தொகை கேட்டு வரும் பிள்ளைகளின் அறிவை அளந்து ஓர் எண்ணாக எழுதிக் கொடுப்பது நாமக்கல்லில் என் வேலை. எண் குறைந்தால்தான் பணம் கிடைக்கும். அன்று மதியம் சாப்பிடக்கூட நேரமில்லை. குமாரபாளையத்தில் தறி ஓட்டும் ஒரு பெண், பேச்சும் நடையும் தாமதமாக வந்த தன் மகளைக் கூட்டி வந்திருந்தார்.

அயர்ச்சியில் முதல் கேள்வியை விட்டுவிட்டு, "காக்காவுக்கு எத்தன காலு?" என்று மகளிடம் கேட்டேன்.

"ஏழு."

"பால் என்ன நிறம்?"

"ரெண்டு."

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "வரிசையாக் கேளுங்க மேடம். வாரத்துக்கு எத்தன நாளுன்னு கேக்காம உட்டுப்போட்டீங்க."

முன்பு இங்கே வந்துபோன யாரிடமோ கேள்விகளை விசாரித்து, மகளை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறார். மார்க்குக்காகவே பள்ளிக்கூடம் நடத்தும் ஊர்ப்பக்கம், வேறென்ன செய்வார்? எனக்கு எரிச்சலாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"ஏனுங்க, இதுல மார்க் கொறஞ்சாத்தான் பணம் வரும்" என்றேன்.

"அதுக்குன்னு எம்புள்ள ஒண்ணுந் தெரியாம முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கோணுங்களா?"

மறுபடி முதலிலிருந்து வரிசையாகக் கேட்டேன். ஏழு, ரெண்டு, வெள்ளை என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லி முடித்து அம்மாவைப் பார்த்தாள்.

"பாஸுங்களா மேடம்?" என்று அம்மா கேட்டார்.

"பாஸுதானுங்க" என்று சொல்லிவிட்டு, உதவித்தொகை கிடைக்கும் அளவுக்குக் குறைந்த எண்ணை எழுதினேன்.