கோலியனூரிலிருந்து வந்த கம்பளிப்பூச்சிகள்

கோகுலகிருஷ்ணன் தன் இரண்டு பிள்ளைகளையும் பள்ளியிலிருந்து நிறுத்தியதற்கு வெளியே சொன்ன காரணம் இயற்கை. உண்மையான காரணம் சாக்ஸ். வெள்ளை சாக்ஸ் போடவேண்டிய நாளில் மகன் இனியவன் நீல சாக்ஸோடு போய்விட்டான். அந்தத் தனியார் பள்ளி மற்ற விஷயங்களில் எப்படியோ, சாக்ஸ் விஷயத்தில் ராணுவம். பையனை வராந்தாவில் நிற்க வைத்துவிட்டார்கள்.

நியாயம் கேட்கப் போன கோகுலகிருஷ்ணன் முதல்வரின் மேசையைத் தட்டி, "இனிமே என் பிள்ளைங்கள நானே படிக்க வெச்சிக்கிறேன்" என்றார். கெஞ்சுவார்கள் என்று நினைத்திருந்தார். முதல்வர் மணியை அடித்து எழுத்தரைக் கூப்பிட்டார். மதியத்துக்குள் மகளுக்கும் சேர்த்து இரண்டு டி.சி.யும் கைக்கு வந்துவிட்டன. பைக்கில் சாவியைப் போட்டவர் அதைத் திருப்பாமல் கொஞ்சநேரம் நின்றார். வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்ததில் கிடைத்ததுதான் இயற்கை.

மனைவி சங்கவி திண்டிவனத்திலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் டூட்டி முடிந்து வந்ததும் ஆரம்பித்தார்.

"பிள்ளைங்க நாலு செவுத்துக்குள்ள வாடிக்கினு இருக்காங்க. இனிமே இயற்கைதான் அவங்களுக்கு வாத்தியாரு."

சங்கவி செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இயற்கை காலைல எத்தினி மணிக்கு வரும்? எனக்கு ஏழு மணிக்கு டூட்டி" என்று கேட்டாள்.

இயற்கைக்கும் கோகுலகிருஷ்ணனுக்கும் அதற்கு முன்னால் பெரிய பழக்கம் கிடையாது. மயிலத்துக்கு அந்தப் பக்கம் சொந்த நிலம் உள்ள குடும்பத்தில் பிறந்தவர்தான். ஆனால் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைப் பிடுங்க ஆள் வேண்டும் என்று அப்பா தேடும்போதெல்லாம் இவருக்குப் பரீட்சை வந்துவிடும். பரீட்சை இல்லாத வருஷங்களில் தூசி ஒத்துக்கொள்ளாது. எம்.சி.ஏ. முடித்துச் சென்னையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். கொரோனா சமயத்தில் லேப்டாப்போடு ஊருக்கு வந்தவரைக் கம்பெனி திரும்பக் கூப்பிட மறந்துவிட்டது. மத்தியானம் ஆரம்பித்து ராத்திரி வரை வீட்டிலிருந்தே வேலை. காலை நேரம் முழுக்க அவருக்குச் சொந்தம். அந்தக் காலை நேரத்தில்தான் பிள்ளைகள் மாட்டினார்கள்.

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருந்தது. துணி துவைக்கிற கல், செப்டிக் டேங்க் மூடி, விரிசல் விட்ட ஒரு சிமென்ட் தொட்டி, ஒரு முருங்கை மரம். இந்த இடத்துக்கு 'உயிர்ச்சூழல் வளாகம்' என்று பெயர் வைத்தார். மகள் நறுமுகைக்குப் பதினொரு வயது. இனியவனுக்கு எட்டு. இருவருக்கும் தொப்பியும் பூதக்கண்ணாடியும் வந்தன. பிள்ளைகள் செடிக்குள் குனிந்து பார்ப்பார்கள். அப்பா சமையலறை வாசற்படியில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு, கொசுவலைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து பாடம் நடத்துவார். சிலந்தி என்றால் அவருக்குக் கொஞ்சம் பயம். பல்லி என்றால் நிறைய.

எது என்ன உயிர் என்று கண்டுபிடிக்க போனில் ஒரு ஆப் வைத்திருந்தார். ஒருநாள் மதில்மேல் தலையாட்டிக்கொண்டிருந்த ஒன்றைப் படம் பிடித்துப் போட்டார். மெக்சிகோவில் வாழும் அரிய வகை என்று ஆப் சொன்னது.

"எங்கேர்ந்து எங்க வந்திருக்கு பாருங்க" என்றார் உணர்ச்சிவசப்பட்டு.

"அது ஓணான்பா" என்றாள் நறுமுகை.

"மெக்சிகோ ஓணான்" என்றார்.

சென்னையிலும் புதுச்சேரியிலும் இதேபோல் பிள்ளைகளை வீட்டில் படிக்க வைக்கிற பெற்றோர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. நடத்துகிறவர் சென்னை சித்ரா. கோகுலகிருஷ்ணன் அதில் சேர்ந்தபிறகு பிள்ளைகளின் படிப்பு வேறு மாதிரி ஆனது. ஒரு மைனா வந்து உட்கார்ந்தால் முன்பு பிள்ளைகள் பார்ப்பார்கள். இப்போது அப்பா படம் எடுக்கும்வரை பிள்ளைகள் அசையக் கூடாது, மைனாவும் அசையக் கூடாது. செப்டிக் டேங்க் மூடி தெரியாமல் எடுப்பது ஒரு தனிக் கலையாக அவருக்குக் கைவந்தது. "உங்க பிள்ளைங்க கொடுத்து வெச்சவங்க சார்" என்று சித்ரா எழுதுவார். அன்றைக்கு முழுக்க கோகுலகிருஷ்ணன் தரையில் நடக்கமாட்டார்.

ஐப்பசி மழை பிடித்ததும் முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி இறங்கியது. அடிமரம் முழுக்க ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக்கொண்டு, தூரத்திலிருந்து பார்த்தால் மரத்துக்கு மயிர் முளைத்த மாதிரி இருந்தது. எந்த வீட்டிலும் கம்பில் துணியைச் சுற்றி மண்ணெண்ணெய் நனைத்துக் கொளுத்திவிடுவார்கள். கோகுலகிருஷ்ணன் விடவில்லை. படம் எடுத்துக் குழுவில் போட்டு, 'எங்கள் மரத்தில் ஆயிரம் உயிர்கள். இனி ஒவ்வொரு நாளும் ஒரு பாடம்' என்று எழுதினார். இதயக்குறிகள் குவிந்தன. வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு நேரில் வந்து பார்க்கிறோம் என்று சித்ரா அறிவித்துவிட்டார்.

அந்த ஆயிரம் உயிர்களுக்குக் குழுவைப் பற்றித் தெரியாது. அவை மதிலைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போக ஆரம்பித்தன. பக்கத்து வீட்டு வீரம்மாள் இட்லி மாவு அரைத்து விற்பவர். கிரைண்டர் வைத்திருந்த கொட்டகையின் சுவரில் பூச்சி ஏறியதும் வந்துவிட்டார்.

"தம்பி, அத கொளுத்திடுப்பா. ஒடம்பெல்லாம் தடிச்சிப்போச்சி."

"அதெல்லாம் நாளைக்குப் பறக்கப்போற உசுருங்க பெரிம்மா. நாமதான் இடம் குடுக்கணும்."

"பறக்கட்டும், வேணான்னல. பறக்கிற வரைக்கும் உன் வீட்டு ஹால்ல வெச்சிக்கோ."

இரண்டு நாள் கழித்து, கோகுலகிருஷ்ணன் ஆதார் திருத்த விழுப்புரம் போயிருந்த சமயம் பார்த்து, மரம் கொளுத்தப்பட்டது. திரும்பி வந்தவர் கரிபிடித்த அடிமரத்தைப் பார்த்துக் கொல்லையிலேயே உட்கார்ந்துவிட்டார். பந்தம் பிடித்தது வீரம்மாள் என்று உடனே தெரிந்துவிட்டது. பழைய நர்ஸ் புடவையைக் கிழித்துக் கொடுத்தது யார் என்று அவர் கேட்கவில்லை. நறுமுகை கேட்காமலே சொன்னாள்.

"அம்மாதான்பா குடுத்தாங்க. நல்லா எரிஞ்சிது."

வேறு யாராக இருந்தாலும் குழுவில் உண்மையை எழுதி, வரவேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள். கோகுலகிருஷ்ணன் சனிக்கிழமை காலையில் கோலியனூருக்கு பஸ் ஏறினார்.

அங்கே அவருடைய தாய்மாமன் பெரியதம்பியின் நிலத்து வரப்பில் வரிசையாக முருங்கை மரங்கள் உண்டு. பல வருஷமாகக் கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் மட்டுமே வருகிற மருமகன், கையில் மூடி போட்ட பெரிய பிரியாணி பக்கெட்டோடு வந்து நின்றதும் மாமன் பயந்துவிட்டார்.

"கம்பளிப்பூச்சி வேணும் மாமா."

"பூச்சிக்கு மருந்தா?"

"மருந்து இல்ல. பூச்சி."

பெரியதம்பி மருமகனை மேலும் கீழும் பார்த்தார். சங்கவியோடு ஏதும் சண்டையா என்று விசாரித்தார். பிறகு, "எடுத்துக்கோ. எல்லாத்தையுமே எடுத்துக்கோ" என்றார். விஷயம் பரவிப் பக்கத்து நிலத்துக்காரர்களும் வந்து வரப்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். மனைவியின் ஆஸ்பத்திரிக் கையுறையை மாட்டிக்கொண்டு, சமையலறை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பக்கெட்டில் போட்டார் கோகுலகிருஷ்ணன். எங்கள் மரத்துக்கும் வாங்க என்று ஒருவர் மரியாதையாக அழைத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஒரு நிலத்தில் இறங்கி வேலை செய்தது அன்றைக்குத்தான்.

பூச்சிகள் மூச்சு விடவேண்டும் என்பதற்காக, ஸ்க்ரூடிரைவரைச் சூடு பண்ணி மூடியில் தாராளமாக ஓட்டை போட்டுக் கொண்டுவந்திருந்தார். எல்லாக் குழப்பத்துக்கும் அந்தக் கருணைதான் காரணம்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ்ஸில் திண்டிவனத்துக்காரர்களைக் கடைசியில்தான் ஏற விட்டார்கள். நின்றுகொண்டே போகவேண்டியதாயிற்று. பக்கெட்டைக் காலடியில் வைத்தார். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டும்வரை ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு, சீட்டில் இருந்த ஒரு பெரியவர் மெதுவாகச் சொன்னார்.

"சார், உங்க கால்சட்டையில என்னமோ ஏறுது."

கோகுலகிருஷ்ணன் குனிந்து பார்த்தார். ஏறியது ஒன்றல்ல. கம்பியிலும் சீட்டிலும்கூட ஏறிக்கொண்டிருந்தன. முன்னால் ஒரு அம்மா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். ஏன் எழுந்தோம் என்பது பாதிப் பேருக்கு எழுந்த பிறகுதான் தெரிந்தது. கண்டக்டர் ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தார்.

"இன்னா சார் பக்கெட்ல?"

"கம்பளிப்பூச்சி."

"எதுக்கு?"

"பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்த."

கண்டக்டர் வாழ்க்கையில் எத்தனையோ பார்த்தவர். ஆட்டுக்குட்டிக்கு டிக்கெட் போட்டிருப்பார், சேவல் சண்டையை விலக்கிவிட்டிருப்பார். இதற்கு விசில் மட்டும் அடித்தார். கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றது.

"ஜல்தியா எறங்கு சார். பேஜாரு புடிச்ச வேலை."

அங்கிருந்து ஷேர் ஆட்டோ. ஆட்டோவில் அவர் மட்டும்தான். பக்கெட்டைப் பார்த்த யாரும் கூட ஏறவில்லை. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது முகம் வீங்கி, உதடு தடித்து, பேசினால் குழறியது. மிச்சமிருந்த பூச்சிகளைக் கரிபிடித்த மரத்தின் அடியில் கொட்டினார். சங்கவி செல்லோடேப்பை எடுத்து, அவர் கழுத்திலும் கையிலும் ஒட்டி ஒட்டிப் பிய்த்தாள். ரோமம் டேப்போடு வந்தது. அவருடைய சொந்த ரோமமும் சேர்ந்து வந்தது. அந்த விஷயத்தில் அவள் அவ்வளவாகக் கவனம் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று கார் வந்தது. சித்ராவும் இன்னும் சில பெற்றோர்களும், தொப்பி போட்ட பிள்ளைகளும் இறங்கினார்கள். மரத்தில் கரியைத் தவிர ஒன்றும் இல்லை. கருகின மரம் பூச்சிகளுக்குப் பிடிக்கவில்லை. விடிவதற்குள் மதில் ஏறிப் போயிருந்தன. கோகுலகிருஷ்ணனால் பேச முடியவில்லை. மகளைக் காட்டி ஜாடை செய்தார். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லவேண்டும் என்று அவர்தான் ஒரு வருஷமாகச் சொல்லிக் கொடுத்திருந்தார். அவளும் அப்படியே சொன்னாள்.

"எங்க மரத்துல இருந்தத வீரம்மா பெரிம்மாவும் எங்க அம்மாவும் கொளுத்திட்டாங்க. அப்பா நேத்து கோலியனூர்லேர்ந்து பஸ்ல வேற கொண்டாந்தாரு. பாதி பஸ்லயே எறங்கிடுச்சி. மீதி அதோ, பக்கத்து வீட்டுக்குப் போயிடுச்சி."

கோகுலகிருஷ்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அவர் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. சித்ரா மார்பில் கை வைத்து, "அப்படின்னா இது இடப்பெயர்ச்சி. பிள்ளைங்களா, நாம இன்னைக்கு ஒரு இடப்பெயர்ச்சியைப் பார்க்கப்போறோம்" என்றார். கூட்டம் முழுவதும் பூதக்கண்ணாடியோடு வீரம்மாளின் கொட்டகைக்குள் போனது. மாவு வாங்க வந்தவர்கள் பாத்திரத்தோடு ஒதுங்கி நின்றார்கள். வீரம்மாள் விளக்குமாறும் கையுமாகச் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க செய்றது வன்முறைன்னு தோணலையாம்மா?" என்று சித்ரா போனை நீட்டிக்கொண்டு கேட்டார்.

"நாளைக்குக் காலைல இந்தத் தெரு பூரா என் மாவுலதான் இட்லி" என்றார் வீரம்மாள். "அதுல இதோட மயிரு உழுந்தா நீ வந்து பதில் சொல்றியா? நம்பர் குடுத்துட்டுப் போ."

சித்ரா நம்பர் கொடுக்கவில்லை. அதற்குள் அவருடைய மகனே ஒரு பூச்சியை உள்ளங்கையில் ஏற்றித் தடவிக்கொடுத்து, அதே கையால் கண்ணைக் கசக்கிவிட்டான். சித்ரா பையிலிருந்து ஏதோ மூலிகைத் தைலத்தை எடுத்தார். சங்கவி அதைப் பிடுங்கித் துவைக்கிற கல்மேல் வைத்துவிட்டு, பையனின் கண்ணில் குழாய்த் தண்ணீரை ஓடவிட்டாள். அவள் கூடப் போய் ஆஸ்பத்திரியில் கண் டாக்டரிடம் காட்டி, பயமில்லை என்று தெரிந்தபிறகுதான் கார்கள் கிளம்பின. அன்று சாயங்காலம் குழுவில், 'மறக்க முடியாத அனுபவம், நன்றி சார்' என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். கண் வீங்கிய பையனின் படம் மட்டும் அதில் இல்லை.

கோகுலகிருஷ்ணன் அதைப் படித்துத் தேறிக்கொண்டிருந்தபோது நறுமுகை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் ஸ்கூலுக்குப் போறேன்பா."

"ஏம்மா? அங்க இந்த மாதிரி பார்க்க முடியுமா?"

"அங்க புழுவப் பத்தி ஒரு பக்கம்தான்பா. படிச்சா முடிஞ்சிடும்."

அவர் மகனைப் பார்த்தார். இனியவன் தனக்கு இப்படியே வீட்டிலிருப்பது பிடித்திருக்கிறது என்றான். பூச்சி ஆராய்ச்சிக்கென்று கொடுத்த போனில் அவன் ஒரு வருஷமாகக் கார் ஓட்டிக்கொண்டிருந்தான் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. அடுத்த நாள் சங்கவி லீவு போட்டு, இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய் அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டு வந்தாள். சாக்ஸ் உண்டா என்று மட்டும் கோகுலகிருஷ்ணன் கேட்டார். செருப்பு போட்டுக்கொண்டு வந்தாலே போதும் என்று சொன்னார்களாம்.

கொஞ்சநாள் அவர் மத்தியான வேலையைச் செய்தார், காலையில் பேப்பர் படித்தார். குழுவில்தான் அவருக்கு மதிப்பு குறையவே இல்லை. பஸ் கதை அங்கே வேறு உருவம் எடுத்திருந்தது. பிள்ளைகளின் கல்விக்காக உடம்பெல்லாம் வீங்கிய தகப்பன் என்று பேசிக்கொண்டார்கள். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று சித்ரா கேட்க, ஒரு சனிக்கிழமை ஆன்லைனில் பேசினார். அடுத்த மாதமும் கூப்பிட்டார்கள். இப்போது மாதாமாதம் 'கொல்லையே பள்ளி' என்ற தலைப்பில் பெற்றோர்களுக்கு வகுப்பு எடுக்கிறார். சனிக்கிழமை ஸ்கூல் லீவு என்பதால் அந்த ஒரு மணி நேரமும் பிள்ளைகளை சங்கவி கடைக்கோ கோயிலுக்கோ அழைத்துப் போய்விடவேண்டும்.

போன மாதம் ஒரு தகப்பன், "உங்க பிள்ளைங்க இப்ப எப்படி இருக்காங்க சார்?" என்று கேட்டார்.

"அவங்க அடுத்த கட்டத்துக்குப் போயிட்டாங்க" என்றார் கோகுலகிருஷ்ணன்.

மகள் ஏழாம் வகுப்பு பி பிரிவு, மகன் நாலாம் வகுப்பு. அதை அவர் சொல்லவில்லை. கேட்டவரும் நெகிழ்ந்துபோய் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.