சீப்புக்கு வைத்த பொட்டு

எங்கள் கம்பெனியின் வரலாற்றை யாராவது கேட்டால் முதலாளி செம்பியன் தன் எம்.எஸ்ஸி. படிப்பிலிருந்து ஆரம்பிப்பார். நான் புஷ்பவள்ளியிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு வாடகை வீடு. அதில் நாங்கள் மூன்றே பேர். செம்பியன் கணக்குப் போட்டுக் கலவை சொல்வார். பெட்டியைச் சுமந்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்குவது அன்பரசாகிய நான். குமராட்சியிலிருந்து மினி பஸ்ஸில் வந்து ஜெல் ஊற்றுகிறவள் புஷ்பவள்ளி. படிப்பு பிளஸ் டூ. கை மட்டும் எம்.எஸ்ஸி.

நாங்கள் லேப்களுக்கு விற்ற ஜெல் என்பது கடல்பாசிப் பொடியைக் காய்ச்சித் தட்டில் ஊற்றும் களி. இறுகுவதற்குள் ஒரு சீப்பைச் செருகி எடுத்தால் வரிசையாகக் குழி விழும். குழியில் ரத்தத்தை விட்டு மின்சாரம் பாய்ச்சினால், அதிலுள்ளவை கோடு கோடாகப் பிரிந்து ஓடும். கூடாத இடத்தில் கோடு இருந்தால் ரத்தத்தில் கோளாறு என்று டாக்டர் சொல்வார்.

அந்த வருடம் ஆயுத பூஜை முடிந்த வாரம், கடலூர் லேப் ஒன்றின் டாக்டர் ஸ்ரீமதி எங்களைப் பார்க்க வருவதாக இருந்தது. முதல் பெரிய ஆர்டர் அவர் கையில். பூஜை முடிந்த கையோடு ஊற்றிய ஜெல்லில் ஒரு பெட்டியை மாதிரிக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

டாக்டர் வருவதற்கு முதல் நாள், எங்கள் மூவர் ரத்தத்தையே ஓட்டிப் பார்த்தோம். மூன்றிலும் இருக்க வேண்டிய கோட்டுக்கு முன்னால் மெலிதாக இன்னொரு கோடு! எனக்கு வியாதி என்றே முடிவுகட்டிவிட்டேன். பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன். தண்ணீர் சரியில்லை என்றார் செம்பியன். கரண்ட் சரியில்லை என்றேன் நான்.

புஷ்பவள்ளி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏண்ணே, மூணு பேருக்கும் ஒரே வியாதி எப்பிடி வரும்? நாம என்னா ஒரே வயித்துலயா பொறந்தோம்?"

அடுத்த ஜெல்லில் ரத்தமே விடாமல் வெறும் குழியாக ஓட்டினாள். அப்போதும் அந்தக் கோடு ஓடியது. சீப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பல்லுக்குப் பல் சிவப்புக் கறை.

ஆயுத பூஜைக்குச் சீப்பின் ஒவ்வொரு பல்லுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டவள் அவள்தான். பூஜைப் பொட்டைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது, துணியால்தான் துடைக்க வேண்டும் என்பது அவள் வீட்டு வழக்கம். துடைத்ததில் போகாத குங்குமச் சாயம்தான் குழிக்குக் குழி இறங்கி ஓடியிருக்கிறது.

சீப்பைத் தேய்த்துக் கழுவி, ஊற்றி, மறுபடி வெறுமனே ஓட்டியதும் ஜெல் பளிங்காக வந்தது. செம்பியனுக்கு மூச்சு வந்தது.

"இதையே நாளைக்குக் காட்டிடுவோம். பொட்டு விஷயம் வெளிய போவ வேணாம்" என்றார்.

"அந்தப் பெட்டி அவுங்ககிட்ட இருக்கே சார்? அதுல ஓட்டிட்டு, நல்லா இருக்குற புள்ளைய நோயாளின்னு எழுதிட்டா? என் வேல போனாலும் போவுது, நான் சொல்லிடுறேன்" என்றாள் புஷ்பவள்ளி.

செம்பியன் தலை குனிந்தார். பெட்டியைத் தொட வேண்டாம் என்று அப்போதே லேபுக்குப் போன் செய்தார்.

மறுநாள் டாக்டர் வந்ததும், கெட்ட ஜெல்லின் படத்தையும் நல்ல ஜெல்லின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பூஜை முதல் சீப்பு வரை ஒன்று விடாமல் ஒப்பித்தாள் புஷ்பவள்ளி. எனக்கு ஆர்டர் கைநழுவிவிட்டது என்றே தோன்றியது.

டாக்டர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

"வெறும் குழியில ஓட்டச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல மேடம். எனக்கா தோணுச்சு."

"ஆர்டர் குடுக்குறேன். ஆனா ஒரு கண்டிஷன். ஒவ்வொரு தடவை ஊத்துறப்பவும் ஒரு தட்டை இப்பிடி வெறுமனே ஓட்டணும். அந்தப் படம் பெட்டிக்குள்ள இருக்கணும். கீழ இவங்க கையெழுத்து இருக்கணும்."

"நான் பிளஸ் டூதான் மேடம். சார் போடட்டுமே?"

"கண்டுபுடிச்சது நீங்க. வேற யாரு போடுவாங்க?"

செம்பியன் தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டினார். புஷ்பவள்ளி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, நல்ல ஜெல்லின் படத்துக்குக் கீழே தன் பெயரை ஒரு எழுத்து விடாமல் தமிழில் எழுதினாள். நான் அழுதேவிட்டேன். வெட்கமென்ன, சந்தோஷம்தான்.