தோளில் போட்ட துண்டு

பிள்ளைகளா, திருவனந்தபுரம் பக்கம் கழக்கூட்டத்தில் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவன் நான். நான் வரைந்த ஒரு படமாவது நாலு பேர் பார்க்கச் சுவரில் தொங்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆயில் பெயிண்டிங் படிக்கப் போனேன்.

ராஜா பல்லக்கில் போகும் பழைய ஓவியம் ஒன்றை அப்படியே பார்த்து வரையச் சொன்னார்கள். தூக்குகிற நான்கு பேருக்கும் வெறும் தோள். சிமெண்ட் மூட்டை சுமந்தவன் இல்லையா, தோல் உரியுமே என்று ஆளுக்கொரு துண்டு மடித்து வைத்து வரைந்துவிட்டேன்.

சொல்லிக்கொடுக்கிற மலையாளி மாஸ்டர் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணாச்சி, ராஜாவோட முன்னில தோள்ல தோர்த்துத் துண்டு இடாமோ? அந்தக் காலத்தில அடி கிட்டும். எடுத்துக் களயணும், கேட்டோ. இல்லெங்கில் எக்ஸிபிஷன்ல வைக்க மாட்டேன்."

"தோள் வலிக்குமே, சாரே?"

"அவங்களுக்கு அது சீலம், பழகிப் போச்சு."

வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு கத்தியால் துண்டுகளைச் சுரண்டிவிட்டுத் தோல் நிறத்தைப் பூசினேன்.

கண்காட்சியில் அந்தப் படத்தின் முன் நின்று நீங்கள் போட்டோ எடுத்தீர்கள். நல்ல நாளில் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறேன் என்று உங்கள் அம்மா கோபித்தாள். நான்கு பேரின் துண்டை உருவித்தான் சுவரில் அந்த இடம் கிடைத்தது என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.