மரீட்டாவின் புகார்ச் சீட்டுகள்

எங்கள் கட்டடத்தில் மரீட்டாவை யாருக்கும் பிடிக்காது. எனக்கு மற்றவர்களைவிட ஒரு படி மேலேயே பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு ஓர் அரசு அதிகாரி இதைத்தான் முக்கியமான விஷயமாக எழுதிக்கொண்டார்.

எல்லாம் சலவை அறையால் வந்தது. நாற்பது வீட்டுக்கும் சேர்த்துக் கீழ்த்தளத்தில் ஒரே அறை. இரண்டு மெஷின், ஒரு டிரையர். சுவரில் இருக்கும் பலகையில், நமக்கு வேண்டிய நேரத்துக்கு நேராக, நம் வீட்டு எண் போட்ட குட்டிப் பூட்டை மாட்டிவைக்க வேண்டும். அந்த நேரத்துக்குள் துவைத்து, உலர்த்தி, டிரையர் வலையில் சேர்ந்த பஞ்சை எடுத்துப் போட்டு, தரையைத் துடைத்துவிட்டு இடத்தைக் காலி செய்ய வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் சலவை அறைக் கதவில் சீட்டுத் தொங்கும். மற்ற கட்டடங்களில் எழுதியவர் பெயர் இருக்காது. மரீட்டாவின் சீட்டில் பெயர், தேதி, மணி, நிமிடம் எல்லாம் இருக்கும்.

"ஐந்தாம் மாடி, பெட்ரா மற்றும் எபோ. செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு இருபது. வலையில் உங்கள் பஞ்சு. நிறம் ஆரஞ்சு. எபோவிடம் ஆரஞ்சு நிறச் சட்டை இருப்பதை எல்லோரும் அறிவர்."

பெட்ரா நான்தான், எபோ என் கணவன். படித்ததும் எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறும். கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, அவள் கதவுக்குக் கேட்கிற மாதிரி நாலு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் மாடியேறுவேன்.

மரீட்டா இருபத்தொன்பது வருடம் இந்தக் கோத்தன்பர்க் நகரத் தெருக்களில் தப்பான இடத்தில் நிறுத்திய கார்களுக்கு அபராதச் சீட்டு எழுதியவள். ஊர் முழுக்க அவளைத் திட்டியிருக்கிறது. ஒருவன் சூடான காபியை அவள் முகத்தில் ஊற்றியிருக்கிறான். அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மிச்சத்தை எழுதி முடித்து, சீட்டை அவன் கையிலேயே கொடுத்தாளாம். மேல்முறையீட்டில் அவள் எழுதிய சீட்டு ஒன்றுகூடத் தள்ளுபடி ஆனதில்லை. எழுதுவதற்குக் கை மெஷின் வந்தபோது, அடியில் நகல் விழும் பழைய சீட்டுப் புத்தகங்களை எல்லாம் தூக்கிப் போடப் பார்த்தார்கள். அவள் பெட்டி பெட்டியாக வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டாள். வேலை போனாலும் எழுத்து நிற்கவில்லை. தெருவுக்குப் பதில் சலவை அறை, அவ்வளவுதான்.

நான் ஜெர்மனிக்குப் போகும் பயணிகள் கப்பலில் சமையல்காரி. ஒரு வாரம் கடல், ஒரு வாரம் வீடு. எபோ கானாக்காரன். முன்பு நான் சரக்குக் கப்பலில் இருந்தபோது அவன் நாட்டு டெமா துறைமுகத்தில் பழக்கம், பிறகு கல்யாணம். இங்கே ஒரு ரொட்டிக் கடையில் விடியற்காலை வேலை. மதியத்துக்கு முன் வீட்டுக்கு வந்துவிடுவான், அதனால் துணி துவைப்பது அவன் பொறுப்பு. பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவனுக்கு வாய் வராது. மரீட்டாவை ஆன்ட்டி என்பான். "நான் யாருக்கும் ஆன்ட்டி இல்ல, என் பேரு மரீட்டா" என்று அவள் சீறுவாள். "சரி ஆன்ட்டி" என்பான்.

இந்த நாட்டில் தங்க அவனுக்கு முதலில் கிடைத்தது இரண்டு வருட அனுமதி. அது முடிவதற்குள் நீட்டிக்கச் சொல்லி விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தோம். ஒரு மாதம் அல்ல, இரண்டு மாதம் அல்ல, பதினோரு மாதம். நடுவில் ஒரு தடவை குடியேற்ற அலுவலகத்தில் அவனை மட்டும் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார்கள்.

"உங்க மனைவி கடைசியா உங்களுக்கு என்ன சமைச்சாங்க?"

"அவ வீட்ல சமைக்கமாட்டா."

"சமையல்காரின்னு எழுதியிருக்கீங்களே?"

"அதனாலதான்."

இது அவர்களுக்கு நம்பும்படி இல்லையாம். கடிதம் வந்தது. மனைவி பாதி நாள் ஊரில் இல்லை, வீட்டு ஒப்பந்தத்தில் கணவன் பெயர் இல்லை, ஆகவே இருவரும் சேர்ந்து வாழ்கிறார்கள் என்பது ஐயத்துக்கு இடமளிக்கிறது. மூன்று வாரத்துக்குள் சான்று தரவும். தவறினால் எபோ நாட்டைவிட்டு வெளியேற வேண்டியிருக்கும்.

அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.

"நான் ஒரு வாரம் ஊருக்கே மீன் பொரிச்சுப் போட்டுட்டு வந்து கதவத் திறந்தா, சோபால குறட்டை விட்டுட்டுக் கிடக்கறது யாரு? பேயா?"

"அதுக்குச் சான்று இருக்கா?" என்றாள் போனை எடுத்த பெண், அமைதியாக.

"எதுக்கு, குறட்டைக்கா?"

எட்டு நண்பர்களிடம் கடிதம் வாங்கி அனுப்பினோம். மறுபடி கேட்டதற்கு, "நண்பர்கள் உங்களுக்கு நல்லது நினைப்பாங்க இல்லையா, அதனால அதுக்கு மதிப்புக் குறைவுதான்" என்றாள் அதே பெண். கையில் இருந்த போனைச் சுவரில் அடிக்காமல் விட்டது என் பொறுமை.

"கேட்டியா எபோ? நமக்குக் கெட்டது நினைக்கற ஆள் யாராவது வந்து சொல்லணுமாம்!"

அவன் பாத்திரம் கழுவிக்கொண்டே, "ஏன், நம்ம ஆன்ட்டி இருக்காங்களே" என்றான்.

அன்றைக்கு முழுக்க எனக்குள் நானே சண்டை போட்டேன். மறுநாள் இலவங்கப்பட்டை பன் நாலு வாங்கிக்கொண்டு முதல் மாடிக்குப் போய், பல்லைக் கடித்துக்கொண்டு மணி அடித்தேன். மரீட்டா கதவைச் சங்கிலியோடு திறந்தாள். வாயில் எப்போதும் போல உப்பு மிட்டாய்.

"இந்த வாரம் உன் நேரம் புதன்கிழமை பன்னெண்டு மணி. இன்னிக்குச் செவ்வாய்."

"துவைக்க வரல."

"கையில என்ன? லஞ்சமா?"

"பன்."

"வெளியிலேயே வை."

வைத்தேன். "மரீட்டா, நீங்க எங்க மேல எழுதின சீட்டெல்லாம் எனக்கு வேணும்."

"நான் ஒட்டினதத்தான் நீ கிழிச்சுப் போட்டுடுவியே. அப்புறம் பேசற பேச்சும் எனக்குக் கேக்கும்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே விஷயம் முழுவதையும் சொன்னேன். கேட்டு முடித்ததும், "உங்களுக்காக ஒரு வார்த்தை பேசமாட்டேன். உங்க ரெண்டு பேரையும் எனக்குப் பிடிக்காது" என்றாள்.

"தெரியும். அதுக்காகத்தானே உங்ககிட்ட வந்தேன்."

கடிதத்தைக் கேட்டு வாங்கினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரல் வைத்துப் படித்தாள். 'ஐயத்துக்கு இடமளிக்கிறது' என்ற இடத்தில் விரல் நின்றது.

"உன் புருஷன் இங்க இல்லேன்னா, மூணு வருஷமா நான் யாரோட பஞ்சப் பத்தி எழுதிட்டிருந்தேன்?"

விரலை எடுக்காமலே நிமிர்ந்தாள்.

"அப்போ நான் பொய் எழுதியிருக்கேன்னு சொல்றாங்க."

"உங்களப் பத்தி அவங்க ஒண்ணும் சொல்லலியே..."

"அதத்தான் சொல்றாங்க!" சங்கிலியைக் கழற்றினாள். "உள்ள வா. செருப்பக் கழட்டிட்டு வா."

அலமாரியின் அடியிலிருந்து பெட்டி வந்தது. எங்கள் மேல் எழுதியவை மட்டும் எழுபத்தொரு சீட்டு. ஊதா மையில் நகல், ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. "இதெல்லாம் தபால்ல போகாது. எழுதினவ நேர்ல நின்னாத்தான் சீட்டு நிக்கும். நானும் வரேன்" என்றாள். ஒரு கை பார்த்துவிடுவது என்று அவள் முடிவு செய்துவிட்டாள். நான் கிளம்பும்போது வெளியே வைத்த பன்னை உள்ளே எடுத்துக்கொண்டாள்.

குறித்த நாளில் பழைய சீருடைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். அலுவலகத்தில் டோக்கன் எடுத்து, எபோவும் சேர்த்து மூன்று பேரும் ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்தோம். எங்களைக் கூப்பிட்டவர் தாடி வைத்த ஓர் அதிகாரி. மரீட்டாவைப் பார்த்து, "நீங்க இவங்களோட நண்பரா?" என்றார்.

"இந்தக் கேள்விக்கே உங்க மேல ஒரு சீட்டு எழுதலாம்."

அவர் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். என் கப்பல் அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "பெட்ரா கடல்ல இருந்த வாரத்துலயும் எழுதியிருக்கீங்க."

"அப்பத்தான் ஜாஸ்தி. இவ இருந்தா அவன விரட்டித் துடைக்க வைப்பா. இல்லேன்னா அவன் பாட்டுப் பாடிட்டு அப்படியே போயிடுவான்."

அதிகாரியின் தாடிக்குள் சிரிப்பு தெரிந்தது. எனக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் அவர் புரட்டுவதை ஒரு சீட்டில் நிறுத்தினார்.

"போன வருஷம் பிப்ரவரி ஒம்பதுலேர்ந்து மே இருபது வரைக்கும் ஒரு சீட்டுகூட இல்ல. அந்த மூணு மாசம் இவர் எங்க இருந்தார்?"

எபோவைப் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நான் சொல்றேன்" என்று வாயெடுத்தான். "நீ சும்மா இரு" என்றாள் மரீட்டா.

"பனியில வழுக்கி விழுந்தேன். இடுப்பெலும்புல ஆபரேஷன். கீழ்த்தளத்துக்கு இறங்க முடியல. கண்ணால பார்க்காதத நான் எழுதறதில்ல."

"அப்போ மூணு மாசம் உங்க துணிய யார் துவைச்சாங்க?"

மரீட்டாவின் வாயில் மிட்டாய் நகரவில்லை. எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. துவைத்தது எபோ. சொன்னால் இவளும் எங்களுக்கு நல்லது நினைக்கிறவள் ஆகிவிடுவாள், எழுபத்தொரு சீட்டும் எட்டு நண்பர்களின் கடிதத்தோடு போய்ச் சேரும். சொல்லாவிட்டால் மூன்று மாதத்துக்குப் பதில் இல்லை. யாராவது வேறு பெயரைச் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அவளுக்குப் பொய் வராது.

"இவன்தான்" என்றாள். "வாராவாரம் செவ்வாய்க்கிழமை வந்து கூடைய எடுத்துட்டுப் போவான். நான் கூப்பிடல. அவனா வந்தான்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ இவர் உங்களுக்கு உதவி பண்ணினவர். அப்படிப் பார்த்தா..."

"நான் இன்னும் முடிக்கல."

பையிலிருந்து எதையோ எடுத்து மேசைமேல் போட்டாள். சாம்பல் நிறக் கம்பளி ஸ்வெட்டர். கைக்குழந்தைக்குக்கூடக் கழுத்து நுழையாது.

"ரெண்டு குளிர்காலம் உக்காந்து பின்னினேன் இத. அறுபது டிகிரில போட்டிருக்கான்! கம்பளிய! இவனா எனக்கு உதவி பண்ணினவன்?"

கூடவே ஒரு சீட்டுப் புத்தகத்தையும் திறந்து வைத்தாள். மார்ச் இருபத்திரண்டு, செவ்வாய், காலை பதினொன்றரை. எழுபத்திரண்டாவது சீட்டு.

அதிகாரி குனிந்து பார்த்தார். "மூலம், நகல் ரெண்டுமே புத்தகத்துலயே இருக்கு. ஏன் குடுக்கல?"

"படி இறங்க முடியாதவ எப்படிப் போய் ஒட்டறது?"

அவன்தான் வாராவாரம் அவள் வாசலுக்கே வந்தானே. கையை நீட்டினால் போதும். இது எனக்குப் புரிந்தது, எபோவுக்குப் புரிந்தது, தாடிக்காரருக்கும் புரிந்திருக்கும். அவர் அவளையே பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"இத பாருங்க" என்றாள். "பிடிச்சவங்க கார், பிடிக்காதவங்க கார்னு பார்த்து நான் எழுதினதில்ல. என் சொந்த அண்ணன் காருக்கே எழுதியிருக்கேன். இவங்க ரெண்டு பேரும் எனக்கு யாருமில்ல. அஞ்சாம் மாடில ஒண்ணா இருக்காங்க. ஒண்ணாச் சத்தம் போடறாங்க, ஒண்ணா அறைய நாற அடிக்கறாங்க. அத நான் எழுதினேன். இதுக்கு மேலயும் யாருக்காவது சந்தேகம்னா மேல்முறையீட்டுக்கு நானே வரேன். அங்க நான் தோத்ததே கிடையாது, விசாரிச்சுப் பாருங்க."

அவர் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். கடைசியில் எழுதியதை எங்களுக்குப் படித்துக் காட்டினார். 'சாட்சிக்குத் தம்பதியர் மேல் விருப்பம் இல்லை' என்று அதில் ஒரு வரி இருந்தது. மரீட்டா தலையை ஆட்டி ஒப்புக்கொண்டாள்.

திரும்பும்போது டிராமில் எங்களோடு உட்காராமல் முன்னால் போய் உட்கார்ந்தாள். நான் எபோவைப் பிடித்துக்கொண்டேன். "மூணு மாசம்! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல நீ!"

"நீ வீட்டுக்கு வந்தா அவங்களத் திட்டாத நாளே கிடையாது. உன் எதிரிக்குத் துணி துவைக்கறேன்னு எப்படிச் சொல்றது? அதுலயும் ஸ்வெட்டர வேற பாழாக்கிட்டேன்."

அதன் பிறகும் காத்திருந்தோம். நன்றிக்கடனாக வலையைத் துடைத்துத் துடைத்து வைத்தோம். மூன்றாவது வாரம் மரீட்டா ஐந்து மாடி ஏறி வந்து கதவைத் தட்டினாள்.

"என்ன நினைச்சிட்டிருக்கீங்க? வலை பளபளன்னு இருக்கு, தரை பளபளன்னு இருக்கு. முடிவு இன்னும் வரல, ஞாபகம் இருக்கா? நான் என்னத்த எழுதறது? பொய் எழுதச் சொல்றியா என்னை?"

அன்றிலிருந்து எபோ பழையபடி பஞ்சை விட்டுவிட்டு வந்தான். சீட்டும் பழையபடி வந்தது. ஏழாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, கடிதம் வந்தது. நிரந்தர அனுமதி. அடுக்களையில் நின்றுகொண்டு வாய்விட்டு அழுதேன். எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. எபோ இரண்டு தடவை படித்து மடித்து வைத்தான். பிறகு துணிக்கூடையை எடுத்துக்கொண்டு கீழே போனான். என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. நானும் கூடவே போனேன்.

டிரையர் நின்றதும் வலையை உருவி, பஞ்சை முழுவதுமாக வழித்து எடுத்தான். குப்பையில் போடப் போனவன் நின்று, பாதியைப் பிய்த்து மறுபடி வலையிலேயே ஒட்டிவைத்தான்.

"இனிமே எதுக்கு இது? முடிவுதான் வந்துடுச்சே."

"அவங்க பேப்பர்ல நான் இருக்கேன்னு போட்டுட்டாங்க. ஆன்ட்டி புத்தகத்துலயும் இருக்கணும்ல?"

மறுநாள் காலை சலவை அறைக் கதவில் சீட்டு இருந்தது. "ஐந்தாம் மாடி, எபோ. புதன்கிழமை, ஒன்பது பத்து. வலையில் பஞ்சு, பாதி மட்டும். வேண்டுமென்றே செய்தது."

நான் கிழிக்கவில்லை.